படியிற் கற்ற பாடம்

தமிழிலே ‘படி’ என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். ஏறுதற்கு உரியதும் படி. நெல்லை அளத்தற்கு உரியதும் படி. ஓர் ஏட்டைப் பார்த்து எழுதிக்கொண்ட மற்றோர் ஏடும் படி. நிகண்டுகளிலே நிலவுலகுக்கும் அது பெயர். வினையாக நின்றால், கற்றல், பணிதல், நீராடுதல், தூசு அடியிலே தங்குதல் எனப் பொருள் விரியும். இவற்றைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மாணவரைக்கொண்டு உதாரணம் சொல்விப்பது நெடுங்காலமாக என் தொழில். ஆயினும், அப்பொருள்களுள் முதலாவதாகிய, காலால் மிதிக்கப்படும் படியைப்பற்றி நான் யாதும் அறியாதவன் என்பதை ஐம்பது வயதைக் கடந்த பின்னரே உணர்ந்தேன். அவ்வறியாமைக்கு விலை கொடுத்தவன் நான் அல்லேன், என் ஆசிரியர். என் பிழையை மறைத்துவைத்தால் அதுவே பிறிதோர் இடத்திலும் நிகழக்கூடும் என்ற அச்சத்தினாலே அவ்வரலாற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

எங்கள் கல்லூரியின் முன்மண்டபத்துக்கு ஏறிச் செல்வதற்கு ஏழு கொங்கிறீற்றுப் படிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 6 அங்குல உயரமும் 12 அங்குல அகலமும் உடையது, நீளம் பத்தடி. கூரையில்லாத வெளியிலே, வெயிலையும் மாரியையும் நேரே தாங்கி நிற்பவை அவை. என்னிலும் வயதில் மூத்தவை. குடாநாட்டுச் சுண்ணக்கல்லையும் முருங்கனிலிருந்து கொண்டுவந்த களிமண்ணையும் சேர்த்துச் சுட்டுச் சீமெந்து ஆக்கிய காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950 இல் தொடங்கியது. அந்தச் சீமெந்து ஊரெங்கும் பரவிய காலத்திலே எழுந்தவை எங்கள் படிகள் என மூத்தோர் சொல்லுவர். அத்தொழிற்சாலை 1990 இல், போர்க்காலத்திலே, இயங்காது நின்றுவிட்டது. படிகள் மாத்திரம் நின்று உழைத்தன. எத்தனையோ மாணவர் அவற்றிலே ஏறினர், இறங்கினர், இடப்பெயர்வுக் காலங்களிலே அகதிகளாய் வந்தோரும் அவற்றிலேயே உட்கார்ந்திருந்தனர்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கூறுதல் வேண்டும். தேய்வு வேறு, சிதைவு வேறு. பல்லாயிரம் கால்கள் ஏறியிறங்க, நடுப்பகுதி சற்றே குழிந்து, பரப்பு மெருகேறி நிற்பது தேய்வு. அது படியின் முதுமை. அதிலே ஒரு மாண்பும் உண்டு. சிதைவு அத்தகையதன்று. விளிம்பு உதிர்தல், பரப்பு மணலாய்ப் பொரிதல், வெடிப்பின் வழியே துருநிறம் கசிதல், கைவிரலால் நெம்பினால் ஒரு சில்லுப் பெயர்ந்துவிடுதல் என்னும் இவை முதுமைக்குரிய குறிகள் அல்ல; நோய்க்குரிய குறிகள். தேய்வைச் செய்வன கால்கள். சிதைவைச் செய்வது நீர். அதனை வளர்ப்பது நம் பராமுகம். எங்கள் படிகளிலே இரண்டும் இருந்தன. நானோ இரண்டையும் ஒன்றாகவே எண்ணி, ‘பழைய படி, அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லிப் பல ஆண்டுகளைக் கடத்திவிட்டேன்.

2016 ஆம் ஆண்டு நவராத்திரி அணுகிற்று. விஜயதசமியன்று அயலூர்ச் சிறுவர்களுக்கு எங்கள் மண்டபத்திலே ஏடு தொடக்குவது வழக்கம். அவ்வாண்டு விழாவை ஒழுங்குசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. கீழிருந்து மூன்றாம் படியும் நான்காம் படியும் விளிம்பு உதிர்ந்து, பல் விழுந்த வாய்போலத் தோன்றின. விருந்தினர் வரும் வழி ஆயிற்றே என்ற கவலையால், ஊரிலே கைதேர்ந்த மேசன் ஒருவரை அழைத்தேன். அவர் குந்தியிருந்து, சுத்தியலாலே அங்குமிங்கும் தட்டிப் பார்த்தார். பின்பு எழுந்தார்.

“ஐயா, இது உள்ளுக்கை உக்கிப்போச்சுது. உக்கினதெல்லாத்தையும் கொத்தி எடுத்துப்போட்டுத்தான் கட்டவேணும். பிறகு ஒரு கிழமைக்குக் குறையாமல் ஒருத்தரும் மிதிக்கப்படாது.”

“விழாவுக்கு இன்னும் ஆறு நாளே உண்டு. கொத்தி வைத்தால் விருந்தினர் எவ்வழியால் ஏறுவர்? நீர் மேலாலே பூசி, வழுவழுப்பாக்கிவிடும். மற்றதைப் பிறகு பார்ப்போம்.”

“உக்கினதுக்கு மேலை பூசினால் நில்லாது ஐயா. ஒரு மாரிக்குக் காணாது.”

“மாரியை மாரி வரும்போது பார்ப்போம்,” என்றேன்.

அவர் மறுமொழி சொல்லவில்லை. படித்தவன் சொல்லுக்கு எதிர்சொல்லாத பழக்கம் அவருக்கு. தொழிலறிந்தவன் சொல்லுக்குச் செவிகொடாத பழக்கம் எனக்கு.

வேலை ஒரே நாளிலே முடிந்தது. மணலிலும் நான் சிக்கனம் பார்த்தேன். கடற்கரைப் பக்கத்திலிருந்து யாரோ பறித்துவிட்டுச் சென்ற மணல் வளவின் மூலையிலே குவிந்திருந்தது. அதுவே போதும் என்றேன். உதிர்ந்த இரு படிகளின்மேலும் அரை அங்குலத் தடிப்பிலே சாந்து பூசி, சீமெந்துத் தூள் தூவி, சாந்தகப்பையால் இழைத்து முடித்தார் மேசனார். மறுநாட்காலை வெயிலிலே அவை பளிங்குபோல ஒளிர்ந்தன. விழாவுக்கு வந்தோர் பலர், ‘படிகளைப் புதுக்கிவிட்டீர்கள்’ எனப் பாராட்டினர். அப்பாராட்டை மறுக்காது ஏற்றுக்கொண்டேன்.

ஐப்பசி, கார்த்திகை மழைகள் பெய்து ஓய்ந்தன. தை மாதத்திலே புதுப்பூச்சில் மயிரிழைபோல ஒரு வெடிப்புக் கண்டேன். சித்திரையிலே அது விரலிடை ஆயிற்று. ஒருநாள் காலையில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அப்படியிலே குதிக்காலால் தட்டி நின்றான். ‘ஐயா, உள்ளுக்குள்ளே வெறுமையாய்க் கேட்குது’ என்றான். ‘மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போ’ என்றேன் நான். மேசனார் சொன்னதையே அச்சிறுவன் தன் காலால் அறிந்து சொன்னான். இருமுறை உண்மை என்னைத் தேடி வந்தது. இருமுறையும் நான் அதற்கு நேரமில்லை என்றேன்.

2017 ஆம் ஆண்டு விஜயதசமி. எனக்கு நன்னூல் கற்பித்த ஆசிரியர், எண்பது வயதை அண்மியவர், ஆண்டுதோறும் வருவதுபோல ஏடு தொடக்க வந்தார். பிள்ளைகளை ஒவ்வொருவராக மடியில் இருத்தி, பிஞ்சு விரலைப் பிடித்து, பச்சையரிசியிலே எழுத்து வரைவித்தார். எல்லாம் முடிந்து அவர் இறங்கும்போது நான் மண்டபத்துக்குள்ளே விருந்தினரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு கையிலே ஊன்றுகோல். மறுகையிலே, பிள்ளையொன்றின் தாய் கொடுத்த வெற்றிலைத் தட்டு. நான்காம் படியின் விளிம்பிலே அவர் கால் வைத்தபோது, பூச்சு ஓர் ஓடுபோலப் பெயர்ந்து கழன்றது. ஓசை கேட்டு நான் வெளியே வந்தபோது, அவர் அடிப்படியிலே ஒருக்களித்துக் கிடந்தார். வெற்றிலைகள் மணலிலே சிதறியிருந்தன.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சத்திரசிகிச்சை நிகழ்ந்தது. நான் பார்க்கச் சென்றபோது, அவரே எனக்கு ஆறுதல் சொன்னார்: “தம்பி, நான்தான் பாராமல் காலை வைச்சிட்டன். விழாவிலே ஒரு குறையும் இல்லை.” அவர் என்னைக் கடிந்திருந்தால் அது எனக்கு எளிதாக இருந்திருக்கும். பிழையான விடை எழுதிய மாணவனுக்குச் சரிப்புள்ளி இட்டுவிட்டால், அவன் நெஞ்சறிந்தவனாயின், அது அவனுக்கு எத்தகைய தண்டனை என்பதை அன்று கண்டேன்.

அடுத்த நாள் மாலை மேசனார் வீட்டுக்குச் சென்றேன். அவர் முற்றத்திலே கதிரை எடுத்துப் போட்டார். நடந்ததைச் சொன்னேன். ‘நீங்கள் சொன்னதைக் கேளாதது என் பிழை. அந்தப் படிகளை நீங்களே திருத்தித் தரவேண்டும்’ என்றேன். முன்பு ‘நீர்’ என்றவன் அன்று ‘நீங்கள்’ என்றதை அவர் கவனித்தாரோ அறியேன். சற்றுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “செய்து தாறன் ஐயா. ஆனால் இந்தமுறை நான் சொல்லுறபடி,” என்றார். வண்ணம் என்னும் பொருளில் வரும் அந்தப் ‘படி’யும், பணிதல் என்னும் பொருளில் வரும் படிதலும் எனக்கு ஒருங்கே விளங்கிய நாள் அது.

அவர் குறித்த காலம் 2018 ஆம் ஆண்டுச் சித்திரை விடுமுறை. மாரி நெருங்கும் வேளையிலே இவ்வேலையைத் தொடங்குதல் ஆகாது. மாணவர் ஏறியிறங்கும் காலத்திலும் ஆகாது. அதுவரைக்கும் முன்வழியைக் கயிறுகட்டி மறித்து, பக்கவாயிலாற் போய்வந்தோம்.

விடுமுறை வந்தது. அவர் முதலிலே உளியை எடுக்கவில்லை; ஏணியை எடுத்தார். ‘படி கீழே அல்லவா?’ என்றேன். “தண்ணி எங்காலை வருகுது எண்டு பாப்பம்,” என்று மேலே ஏறினார். மண்டபக் கூரையின் தகரப் பீலி ஓரிடத்திலே பொருத்து விட்டிருந்தது. அதற்கு நேர் கீழே உள்ளவை மூன்றாம் படியும் நான்காம் படியும். மாரிதோறும் கூரைநீர் முழுவதும் அவ்விரு படிகளின் தலையிலேயே விழுந்திருக்கின்றது. திருக்குறளிலே மருந்து அதிகாரத்தைப் பாடஞ்சொல்லி, நோயைக் கண்ட மருத்துவன் அதன் முதற்காரணத்தையும் ஆராயவேண்டும் என்று விரித்துரைத்தவன் நான். தினமும் அப்பீலியின் கீழே நடந்தும் ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்திலேன். பீலி முதலிலே திருத்தப்பட்டது. அதன் பின்னரே படியிலே கைவைத்தார்.

முதல் வேலை தட்டிக் கேட்டல். சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்திலே ‘கண்’ என்று இறுகிய ஓசை எழும். உக்கிய இடத்திலே ‘பொத்’ என்று அடங்கிய ஓசை எழும். ஓசை மாறும் இடந்தோறும் சுண்ணக்கட்டியாலே கோடிட்டார். கண்ணுக்குப் பழுதாகத் தோன்றிய இடத்திலும் கோடிட்ட இடம் இருமடங்கு பெரிதாயிற்று. மேலே நன்றாகத் தோன்றிய ஐந்தாம் படியிலும் ஓர் உக்கல் ஒளிந்திருந்தது.

அடுத்த வேலை களைதல். என் பழைய பூச்சு உளிபட்ட அளவிலே தட்டுத்தட்டாகக் கழன்று வந்தது. அதன் அடிப்புறத்தைத் திருப்பிக் காட்டினார். பழைய படியின் தூசும் பாசியும் அதிலே அப்படியே ஒட்டியிருந்தன. அது படியைப் பற்றியிருக்கவில்லை. படியின் மேலிருந்த அழுக்கைப் பற்றியிருந்தது. உக்கிய கொங்கிறீற்றை அவர் கொத்திக் கொத்தி, உளி துள்ளும் இறுகிய பாகம் வரும்வரை போனார். ஓரங்களைச் சரிவாக விடாமல், ஓர் அங்குலத்துக்குக் குறையாத ஆழத்திலே நேர்வெட்டாக வெட்டினார். ‘ஏன் இத்தனை வெட்டு?’ என்று கேட்டதற்கு, ஓரத்திலே தோல்போல மெலிந்து முடியும் சாந்து முதலிலே அங்கேதான் உதிரத் தொடங்கும் என்றார். மாலையானபோது படிகள் முன்னிலும் பயங்கரமாகத் தோன்றின. பழுதுபார்த்தலின் முதல்நாள் பழுது பெருகியதுபோலவே தோன்றும் என்பதையும், அத்தோற்றத்துக்கு அஞ்சியே நாம் பூச்சை நாடுகின்றோம் என்பதையும் அன்று அறிந்தேன்.

நான்காம் படியின் விளிம்போரத்திலே நீளவாட்டில் இட்டிருந்த இரும்புக் கம்பி வெளிப்பட்டது. அது துருவேறிப் பருத்திருந்தது. இதன் தன்மையைப் பின்னர் நூல்களிலும் படித்தறிந்தேன். நல்ல கொங்கிறீற்று காரத்தன்மை மிக்கது; அக்காரம் உள்ளிருக்கும் இரும்பைத் துருவினின்றும் காக்கும். காலப்போக்கிலே காற்றிலுள்ள கரியமிலவாயு வெடிப்புகளின் வழியே புகுந்து அக்காரத்தை அழிக்கும். உப்புப் புகுந்தாலோ காப்பு இன்னும் விரைவில் நீங்கும். துரு, தான் தோன்றிய இரும்பிலும் பன்மடங்கு இடத்தைப் பிடிப்பது. இடம் போதாமையால் உள்ளிருந்தே நெருக்கி, மேலுள்ள கொங்கிறீற்றைப் பிளந்து தள்ளும். குளிர்நாடுகளிலே படிகளை உடைப்பதிற் பனிக்கட்டிக்குப் பெரும்பங்கு உண்டு. நம் நாட்டுக் கரையோரங்களிலே அத்தொழிலைச் செய்வன உப்பும் துருவுமாம். கடற்கரை மணலை நான் சிக்கனமென எண்ணித் தெரிந்தது நோயாளிக்கு நஞ்சு ஊட்டியதற்கு ஒப்பாகும். மேசனார் கம்பியைச் சுற்றிலும், அதன் பின்புறத்திலும் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி, கம்பித் தூரிகையாலே இரும்பு வெளுக்கத் தேய்த்தார்.

புதிய மணல் வந்தது. அவர் அதில் ஒரு சிட்டிகையை நாவிலே இட்டுப் பார்த்து உமிழ்ந்தார். உப்பில்லை என்றார். உள்ளங்கையிலே நனைத்துப் பிசைந்து, சேறு ஒட்டுகின்றதா என்று பார்த்தார். கலவைக்கு நீர் எங்கிருந்து எடுப்பது என்று கேட்டேன். “குடிக்கிற தண்ணிதான் ஐயா. எங்களுக்கு ஆகாதது சீமெந்துக்கும் ஆகாது,” என்றார். விளிம்புகள் ஆழமாக உடைந்த இடங்களுக்குச் சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, சிறுசல்லி மூன்று பங்கு. ஆழங்குறைந்த குழிகளுக்குச் சீமெந்து ஒன்று, மணல் மூன்று. சீமெந்தைக் கூட்டினால் வலிமையும் கூடுமன்றோ என்று நான் இடைபுகுந்தேன். கூட்டினால் சுருங்கி வெடிக்கும் என்றார். குழைக்க எளிதாகும் என்று நீரைக் கூட்டினாலும் வலிமை குன்றும். அளவறிந்து கலத்தலே அத்தொழிலின் பாதி.

முதல்நாள் இரவே படிகளை நன்றாக நனைத்துவைத்தோம். காய்ந்த பழைய கொங்கிறீற்று, புதுக்கலவையின் நீரை உறிஞ்சிக்கொள்ளும். நீரிழந்த கலவை இறுகாது பொடியாகும். ஆனால், காலையிலே குழிகளிலே நீர் தேங்கி நின்றாலும் ஆகாது. உடல் ஈரமாகவும் முகம் ஈரமற்றதாகவும் இருக்கவேண்டும். அப்பதத்திலே, கூழ்ப்பதமாகக் கரைத்த சீமெந்தைத் தூரிகையாலே குழியெங்கும், கம்பியின்மேலும், அழுத்தித் தேய்த்தார். அது காய்ந்து வெளுக்கும் முன்னரே கலவையை இட்டு, சாந்தகப்பையால் இடித்து இறுக்கினார். தேய்த்தது காய்ந்துவிட்டால், பிணைக்கவேண்டியதே பிரிக்கும் தோலாகிவிடும் என்பதால், ஒவ்வொரு சிறு பகுதியாகவே தேய்த்து, அவ்வப்போதே நிரப்பிக்கொண்டு போனார்.

விளிம்புக்கு வடிவம் கொடுப்பதற்கு, எண்ணெய் தடவிய பலகையொன்றைப் படியின் முகப்போடு நிறுத்திக் கல்லால் முட்டுக்கொடுத்திருந்தார். பலகையின் மேல்விளிம்பே புதிய படியின் மட்டம். நூல்பிடித்து, ஏழு படிகளின் உயரத்தையும் அளந்தார். சென்றமுறை இரு படிகளின்மேலே மாத்திரம் அரை அங்குலம் ஏற்றிப் பூசியதால் ஓரிடத்திலே உயரம் கூடியும் மற்றோரிடத்திலே குறைந்தும் போயின என்று காட்டினார். ஏறுபவனும் இறங்குபவனும் ஒவ்வொரு படியையும் பார்த்துக் கால்வைப்பதில்லை. இரண்டு படிகளிலே உயரத்தை அளந்துகொண்ட கால், மூன்றாவதும் அவ்வாறே இருக்கும் என்று நம்பி நடக்கின்றது. அந்நம்பிக்கையை அரை அங்குலத்தாலே கெடுத்தவன் நான். நீர் தேங்காமல் ஓடுதற்கு, முன்னோக்கிக் காலங்குலத்துக்கு மேற்படாத சரிவு கொடுத்தார். இறுதியிலே மரப்பலகையால் மட்டமாகத் தேய்த்துவிட்டு, கலவை சற்று இறுகியதும் தும்புத்தடியைக் குறுக்கே மெல்ல இழுத்தார். பரப்பெங்கும் நுண்ணிய வரிகள் எழுந்தன. ‘வழுவழுப்பாக்கினால் அழகாயிருக்குமே’ என்று இம்முறை நான் சொல்லவில்லை.

வேலை முடிந்தது என்று எண்ணினேன். “இனித்தான் ஐயாவின்ரை வேலை,” என்றார் அவர். சீமெந்து காய்ந்து இறுகுவது என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். அது பிழை. சீமெந்து நீரோடு சேர்ந்து இரசாயன மாற்றமடைந்தே இறுகுகின்றது. நீர் பற்றாது போனால் இறுக்கம் இடைநடுவே நின்றுவிடும். 1824 இல் யோசேப்பு அசுப்டின் என்னும் ஆங்கிலேயக் கொத்தர் போட்லந்துச் சீமெந்துக்கு உரிமம் பெற்ற காலந்தொட்டு, வகைகள் பல மாறினும், நீரோடு கூடியே இறுகும் இத்தன்மை மாறவில்லை. பொறியியலார் 28 ஆம் நாளின் வலிமையை அளவாகக் கொள்வர். ஈரம் காத்தால் முதல் 7 நாட்களிலே அதன் மூன்றில் இருபங்கு அளவு வந்துவிடும். சித்திரை வெயிலோ நீரை ஒரு நாழிகையிலே உறிஞ்சுவது. ஆகவே கிடுகாலே பந்தரிட்டு நிழல் செய்து, ஈரச்சாக்கை விரித்து, காலை, நண்பகல், மாலை, இரவு என நான்குவேளை நீர் தெளிக்கும் கடன் என்மேலதாயிற்று.

ஏழு நாளும் நானே தெளித்தேன். விடுமுறையாதலால் கல்லூரி வளவு வெறிச்சோடியிருந்தது. வாளியோடு கிணற்றுக்கும் படிக்கும் நடக்கும்போது, பிறர்க்குக் கற்பிக்கும் என் தொழிலை எண்ணிப் பார்த்தேன். அடிப்படை பிழைத்த மாணவனுக்குத் தேர்வு நெருங்கும்போது விடைகளை மனனஞ்செய்வித்து அனுப்புகின்றோமே, அது என்ன? உக்கியதன்மேற் பூசிய பூச்சன்றோ! அவனும் விழாவன்று ஒளிர்கின்றான். அடுத்த மாரியிலே கழன்று விழுகின்றான். அவனுடைய பிழையைத் தட்டிக் கேட்டு, அதனைக் களைந்து, கேட்கும் ஈரத்தை அவனிடத்திலே உண்டாக்கிய பின்னர்ப் புதியதை வைத்து, அது பற்றும்வரை காத்திருக்க நமக்குப் பொறுமையில்லை. விழாவுக்கு ஆறு நாளே இருக்கின்றது என்கின்றோம். எனக்கு ஒவ்வோர் ஆண்டும் ஆறு நாளே இருந்து வந்திருக்கின்றது.

2018 ஆம் ஆண்டு விஜயதசமியும் வந்தது. என் ஆசிரியர் நடைதாங்கியின் துணையோடு சில அடிகள் நடக்கக்கூடியவராக இருந்தார். வாகனத்திலே வந்திறங்கிய அவரைக் கதிரையிலே தூக்கிச் செல்வோம் என்றோம், அவர் இசையவில்லை. அடிப்படியின் அருகே, மரநிழலிலே கதிரை போட்டு அமர்ந்தார். ஏடு தொடக்கும் பிள்ளைகளை நாங்கள் மேலேயிருந்து கீழே அழைத்துவந்தோம். புதுப்படிகளிலே அவர்கள் துள்ளித் துள்ளி இறங்கினர். எல்லாம் முடிந்தபின், அவர் தம் ஊன்றுகோலை நீட்டி அருகிலிருந்த படியைத் தட்டினார். இறுகிய ஓசை எழுந்தது. அவர் முகம் மலரும் என்று நான் காத்திருந்தேன். அவர் மேலும் கீழுமாகப் படிகளைப் பார்த்துவிட்டு, “தம்பி, கைபிடி எங்கை?” என்றார்.

ஏழு படிகளின் இருமருங்கிலும் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அவை எழுந்த காலந்தொட்டே இல்லை. எல்லாவற்றையும் செப்பமாகச் செய்து முடித்தோம் என்று மகிழ்ந்திருந்த நாங்கள், முதியவன் ஒருவனின் கை எதைத் தேடும் என்பதை எண்ணினோமில்லை. அடுத்த திங்களிலே இரும்புக் குழாயாலே கைபிடி அமைத்தோம். பக்கவாயிலிலே சக்கரநாற்காலி ஏறக்கூடிய சாய்தளமும் இட்டோம். அடுத்த ஆண்டு, ஒரு கையாலே அக்குழாயைப் பற்றி, மறுபுறம் என் தோளிலே சாய்ந்து, அவர் இரண்டு படி ஏறினார். மூன்றாவதிலே கால்வைக்கவில்லை. ‘போதும்’ என்று திரும்பிவிட்டார். திருத்திய படி உறுதியாயிருந்தது. முறிந்த எலும்பு முன்போல ஆகவில்லை. எல்லாப் பழுதும் பார்க்கப்படுவனவல்ல. ஆதலினாலேயே, பார்க்கப்படக் கூடியவற்றை உரிய காலத்திலே பார்த்தல் வேண்டும்.

அதன்பின் பல மாரிகள் கழிந்தன. அந்தப் படிகளிலே இதுவரை ஒரு சில்லும் பெயரவில்லை. ஆண்டுதோறும் ஆவணி பிறந்ததும் பீலியை நிமிர்ந்து பார்ப்பதும், பாசியைச் சுரண்டுவதும், மாணவர் இருவரை அழைத்துச் சுத்தியலாலே தட்டிக் கேட்பிப்பதும் எனக்கு வழக்கமாகிவிட்டன. ‘உள்ளே வெறுமை’ என்று எவனாவது சொன்னால், மணி அடித்திருந்தாலும் நின்று கேட்கின்றேன்.

இதனை வாசிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாடசாலை முகப்பிலும், கோயில் வாயிலிலும், வாசிகசாலைத் திண்ணையிலும் இத்தகைய படிகள் இருக்கும். வரும் மாரிக்கு முன்னே ஒரு சிறு சுத்தியலை எடுத்துச் சென்று தட்டிப் பாருங்கள். ஓசை அடங்கிக் கேட்குமாயின், அன்றைக்கே கயிறு கட்டி மறியுங்கள். அண்ணாந்து பார்த்து நீர் வரும் வழியைத் தேடுங்கள். பின்பு உங்கள் ஊரிலே கைதேர்ந்த மேசனாரை அழையுங்கள். ‘மேலாலே பூசிவிடும்’ என்று சொல்லாதீர்கள். அவர் சொல்லுகின்றபடி செய்யுங்கள்.